மின்னஞ்சலுக்கும் ஒரு லோஞ்ச் நேரம் வேண்டும்

"தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற ஆளோடை முதல் கதைச்சு முடியுங்கோ. நான் நிக்கிறன்."

ஆச்சி இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. லோஞ்ச் பிந்தினால் துறையில் காத்து நிற்கிற அதே பொறுமையோடு சொன்னார். நெடுந்தீவின் மேற்குப் பக்கத்திலிருந்து வெய்யிலுக்குள் நடந்து வந்தவர். மடியிலிருந்து கொட்டப்பெட்டியை எடுத்து, நாலாக மடித்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் அடையாள அட்டையையும் என் மேசையில் வைத்தார். பிறப்புப் பதிவில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும். பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் என் கணினித் திரையின் வலது மூலையில் மூன்று தடவை ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் 'டிங்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு தடவையும் என் தலை ஆச்சியை விட்டு அந்த மூலைக்குத் திரும்பியது. மூன்றாம் தடவைதான் அவர் அப்படிச் சொன்னார்.

வந்த மூன்றும் என்ன? முதலாவது, போன கிழமை நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையின் படங்கள். இரண்டாவது, "முன்னைய மின்னஞ்சலில் இணைப்பு விடுபட்டுவிட்டது, இத்துடன் அனுப்புகிறோம்." மூன்றாவது, அந்த இரண்டாவதற்கு யாரோ எழுதிய "கிடைத்தது, நன்றி." அனுப்பியவருக்கு மட்டும் போக வேண்டிய அந்த நன்றி, பட்டியலில் இருந்த எல்லோருக்கும் போயிருந்தது.

இவற்றைப் பார்த்த கையோடு ஆச்சியின் அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எண்ணை மாற்றித் தட்டிவிட்டேன். கையொப்பமும் முத்திரையும் விழுந்து, கடிதம் கடல் தாண்டிப் போய், மூன்று கிழமைக்குப் பிறகு பிழை என்று திரும்பி வந்தது. ஆச்சி மறுபடியும் நடந்தார்.

பிழை என்னுடையது. கணினியின் தலையிலோ படம் அனுப்பியவரின் தலையிலோ அதைப் போட மாட்டேன். ஆனால் அந்தப் பிழை என் விரலுக்கு எந்த வழியால் வந்தது என்று யோசித்தேன். சிலதைச் செய்து பார்த்தேன், சிலதில் தோற்றேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மின்னஞ்சல் என்பது கடிதம். நாங்கள்தான் அதன் கழுத்தில் தந்திக்காரனின் மணியைக் கட்டிவிட்டோம். அந்த மணியை அவிழ்க்க வேண்டும்.

தீவின் மணிக்கூடு

நான் வேலை செய்வது நெடுந்தீவில் உள்ள ஓர் அலுவலகத்தில். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. இந்தக் கதை எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தும். ஆனால் தீவுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏன் இவ்வளவு தூரம் மெனக்கெட்டேன் என்பது விளங்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்கு வர வேண்டும். அங்கே தார் வீதி முடிந்துவிடும். பிறகு கடல். கடல் அமைதியாக இருந்தால் லோஞ்சில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சோளகம் எழும்பிவிட்டால் அலையைப் பிளந்து வர இன்னும் நேரம் பிடிக்கும். கடல் ஒத்துவராத நாளில் பயணமே இல்லை. எங்களோடு வேலை செய்கிறவர்களில் பலர் காலை லோஞ்சில் வந்து பின்னேர லோஞ்சில் திரும்புகிறவர்கள். வந்து இறங்கி, முகம் கழுவி, கதிரையில் இருந்து, பிறகு லோஞ்சைப் பிடிக்க எழும்பும் வரைக்கும் கையில் கிடைப்பது ஐந்து மணித்தியாலமோ அதற்குக் கொஞ்சம் கூடவோதான். கொழும்பில் ஓர் உத்தியோகத்தர் பின்னேரம் கொஞ்சம் இருந்து மிச்சத்தை முடிக்கலாம். இங்கே அது முடியாது. லோஞ்ச் நிற்காது.

அந்த ஐந்து மணித்தியாலத்துக்குள்தான் கையொப்பம் வைக்க வேண்டியவர் தீவில் இருப்பார். ஆச்சியின் கடிதம் அதற்குள் முடியாவிட்டால் நாளைக்கு. நாளைக்குக் கடல் எழும்பினால் நாளையன்றைக்கு. பெருநிலத்தில் ஒரு 'டிங்' ஒரு நிமிடத்தைத் தின்றால், இங்கே சில வேளை ஒரு நாளைத் தின்றுவிடும்.

ஒரு நாள் பழைய கோவை மட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் இரண்டரை வரைக்கும் மின்னஞ்சலுக்காகத் தலை திரும்பியது 43 தடவை. அன்றைக்கே பதில் போக வேண்டியிருந்தவை இரண்டு. அந்த இரண்டுக்கும் மத்தியானம் பதில் போட்டிருந்தாலும் ஒரு குறையும் வந்திராது.

ஐயாவின் தட்டு

என்னுடைய ஐயா தபால்காரர். லோஞ்ச் வருகிற நேரம் துறையில் நிற்பார். அரக்கு முத்திரை வைத்த தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தபாலகத்துக்கு வருவார். அங்கே சுவரோடு ஒரு மரத்தட்டு இருந்தது. சின்னச் சின்னச் சதுர அறைகள். பையைக் கவிழ்த்துக் கொட்டி, கடிதங்களை அந்த அறைகளுக்குள் பிரித்து வைப்பார். கிழக்கு, மேற்கு, மத்தி, கோயிலடி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. பிறகு முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே சைக்கிளில் போவார். வெட்டையில் மேய்கிற மட்டக்குதிரைகள் அவருடைய மணிச் சத்தத்துக்குத் தலை நிமிர்த்துவதுகூட இல்லை என்று சொல்லிச் சிரிப்பார். ஒரு நாளைக்கு ஒரு சுற்றுத்தான். வெளிநாட்டிலிருந்து மகன் போட்ட கடிதமானாலும், வங்கியின் எச்சரிக்கைக் கடிதமானாலும் அந்தச் சுற்றில்தான் வரும். சனத்துக்கும் அது தெரியும். லோஞ்ச் வராத நேரத்தில் ஒருவரும் படலையடியில் நின்று தபாலைப் பார்ப்பதில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் அந்தச் சுற்றுக்குள் அடங்காதது: தந்தி. தந்தி வந்தால் ஐயா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்புவார். இராவானாலும் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு போவார். தபால்காரர் நேரம் கெட்ட நேரத்தில் படலையைத் தட்டினால் உள்ளே அழுகுரல் தொடங்கிவிடும். பிரித்து வாசிக்க முன்னமே. சொல்லுக்குக் காசு என்பதால் தந்தியில் ஒருவரும் வீண் கதை எழுதவில்லை. காசும் பயமும் சேர்ந்து அவசரத்தை மற்றதிலிருந்து பிரித்து வைத்திருந்தன. இந்தியா 2013 யூலையில் தன் தந்திச் சேவையை மூடியபோது பத்திரிகைகள் பழைய ஞாபகங்களை எழுதின. போனது ஒரு கருவி மட்டுமா? இது அவசரம், இது அவசரமில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்த ஒரு கோடும் அதோடு சேர்ந்து அழிந்துபோனது.

ஐயாவின் தட்டை நினைக்கும்போதெல்லாம் எங்களுடைய புறாக்கூடும் ஞாபகம் வரும். தீவைப் பார்க்க வருகிறவர்கள் ஒல்லாந்தர் கோட்டையையும் குதிரைகளையும் பார்த்துவிட்டு அதையும் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சுண்ணாம்பும் முருகைக்கல்லும் சேர்த்துக் கட்டிய கூண்டு. சுவரில் வரிசை வரிசையாகப் பொந்துகள். ஒல்லாந்தர் காலத்தில் தூதுப்புறாக்கள் அதில் இருந்தன என்பது ஊர்க் கதை. தூதுப்புறா தன்னுடைய கூட்டுக்கு மட்டும்தான் திரும்பத் தெரிந்த பறவை. கூண்டில் அடைத்து எங்கேயாவது கொண்டுபோய் விட்டால் வீட்டுக்குப் பறந்து வரும். அப்படிப் பார்த்தால் அந்தக் கூடு இந்தத் தீவின் முதலாவது இன்பொக்ஸ். தபாலகத்தில் கடிதம் பிரிக்கிற தட்டின் அறைகளுக்கும் வெள்ளைக்காரன் புறாப்பொந்து என்றுதான் பெயர் வைத்திருக்கிறான். வந்தது பொந்துக்குள் போகும்; ஆள் தன் நேரத்துக்கு வந்து எடுப்பார். புறா வந்து தோளில் இருந்து கொத்துவதில்லை.

கார்பன் தாள் செய்த காவல்

நான் அரச சேவைக்கு வந்தபோது அலுவலகத்தில் தட்டச்சுப் பொறி. பிரதம லிகிதர் காலையில் தபாலை உடைப்பார். திகதி முத்திரை குத்தி, உள்வரு பதிவேட்டில் பதிந்து, யாருக்குப் போக வேண்டும் என்று மூலையில் எழுதி, கோவையோடு சேர்த்து அனுப்புவார். எங்கள் மேசைக்கு வரும்போது கடிதம் பதிந்தாகி, பிரித்தாகி, அதன் பழைய கதையோடு வந்து சேரும். மின்னஞ்சல் வந்தபோது அந்தப் பிரதம லிகிதரின் வேலை சத்தமில்லாமல் ஒவ்வொருவரின் தலையிலும் ஏறியது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இன்னொரு காவலும் போனது. மின்னஞ்சலில் 'சீசீ' என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? அது கார்பன் பிரதி. ரே டொம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1971 இல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு முதல் வலையமைப்பு மின்னஞ்சலை அனுப்பினார். அதற்குப் பிறகு வளர்ந்த மின்னஞ்சல் முழுவதும் அலுவலகக் கடிதத்தின் அச்சிலேயே வார்க்கப்பட்டது: அனுப்புநர், பெறுநர், விடயம், பிரதி. ஆனால் தட்டச்சுப் பொறியில் பிரதி எடுத்தவர்களுக்குத் தெரியும், கார்பன் தாளுக்கு ஒரு எல்லை உண்டு. நாலாவது பிரதி மங்கும். ஐந்தாவதைக் கண்ணாடி போட்டாலும் வாசிக்க ஏலாது. ஆகவே யாருக்குப் பிரதி போக வேண்டும் என்று யோசித்துத்தான் தாள் வைப்போம். இன்றைக்கு அறுபது பேரைச் சேர்க்க ஒரு சொடுக்கு. அறுபதாவது ஆளுக்கும் எழுத்து மங்குவதில்லை; மங்குவது அவருடைய காலை நேரம்.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் குஷ்லெவ், டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 124 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2015 இல் வெளியிட்டார்கள். ஒரு கிழமை, நாளுக்கு மூன்று தடவை மட்டும் மின்னஞ்சல் பார்க்க வேண்டும். இன்னொரு கிழமை, நினைத்த நேரமெல்லாம் பார்க்கலாம். மூன்று தடவையோடு நிறுத்திய கிழமையில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. கலிபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2012 இல் வெளியிட்ட ஆய்வில் 13 ஊழியர்களின் மின்னஞ்சலை ஐந்து நாள் முழுவதுமாக நிறுத்திப் பார்த்தார்கள். அவர்கள் ஒரு வேலையில் கூடுதல் நேரம் நிலைத்து நின்றார்கள். இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோதும் அழுத்தம் தணிந்திருந்தது. இரண்டும் சின்ன ஆய்வுகள்தான். ஆனால் ஐயாவின் ஒரு சுற்றுக்குப் பழகிய எனக்கு அவற்றை நம்பப் பெரிய ஆய்வு தேவைப்படவில்லை.

நான் செய்தவை

முதலில் சத்தத்தை நிறுத்தினேன். கணினியிலும் போனிலும் மின்னஞ்சல் அறிவிப்பை முழுக்க அணைத்தேன். இதற்கு ஒரு சதம் செலவில்லை, ஒரு மென்பொருளும் தேவையில்லை. மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் கூடப் பலன் தந்தது. முதல் இரண்டு நாளும் கை தானாகப் போய் இன்பொக்ஸைத் திறந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சத்தம் வெளியில் மட்டும் இல்லை. எனக்குள்ளேயும் ஒரு மணி பழகிப்போய் இருந்தது.

இரண்டாவது, மின்னஞ்சலுக்கு லோஞ்ச் நேரம் வைத்தேன். காலையில் வந்ததும் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பின்னேர லோஞ்சுக்குப் பெருநிலத்து உத்தியோகத்தர்கள் எழும்ப முன் ஒரு தடவை. அவுட்லுக் பாவிக்கிறவர்களுக்கு இது இன்னும் சுகம்: இணைப்பை விலக்கி வைத்து வேலை செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது, அதை மறுபடி அழுத்தும் வரைக்கும் ஒன்றும் உள்ளே வராது. தண்டர்பேர்ட்டில் எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கால் தபால் பார்க்க வேண்டும் என்று நீங்களே எண்ணை மாற்றலாம். ஜீமெயிலை குரோமில் இணைய இணைப்பு இல்லாமலும் வாசிக்க, பதில் எழுதி வைக்க வழி இருக்கிறது. சிக்னல் வந்து போகிற எங்களுக்கு இது பெரிய உதவி. பதிலை எழுதி வைத்தால் இணைப்பு வரும்போது தானே போய்விடும்.

மூன்றாவது, ஐயாவின் தட்டைத் திரும்பக் கட்டினேன். ஜீமெயிலில் அதற்குப் பெயர் வடிகட்டியும் லேபிளும். எந்த முகவரியிலிருந்து வருவது எந்த அறைக்குப் போக வேண்டும் என்று ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும். சுற்றறிக்கை ஓர் அறை, பயிற்சி அழைப்பு ஓர் அறை, புள்ளிவிபரப் படிவம் ஓர் அறை, 'உங்கள் தகவலுக்காக' என்று பிரதி வருபவை ஓர் அறை. இவை இன்பொக்ஸின் முகப்புக்கு வராமல் நேரே தங்கள் அறைக்குப் போய்விடும். முகப்பில் மிஞ்சுவது என் பெயருக்கு நேரடியாக எழுதப்பட்டவை மட்டும். எண்ணினால் விரல்களுக்குள் அடங்கும். 'நன்றி', 'கிடைத்தது' என்று எழுபது பேர் ஒருவருக்கொருவர் பாடுகிற கச்சேரியை ஜீமெயிலில் ஊமையாக்கவும் முடியும். அந்தக் கோர்வையில் இனி வருவது முகப்பைத் தொடாது.

நாலாவது, என்னுடைய வாயையும் கட்டினேன். நானும் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு மின்னஞ்சல் அனுப்புகிற ஆள்தான்; மறந்துபோகும் என்ற பயம். இப்போது எழுதியதைத் திங்கள் காலைக்கு என்று நேரம் குறித்து வைக்கிறேன். ஜீமெயிலில் இந்த வசதி 2019 இல் வந்தது. அவுட்லுக்கில் அதற்கு முன்பே இருந்தது. கையொப்பத்துக்குக் கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: "மின்னஞ்சல் நாளுக்கு மூன்று தடவை பார்க்கப்படும். அவசரமெனில் அலுவலகத் தொலைபேசிக்கு அழைக்கவும்."

ஒன்றை மட்டும் செய்யவில்லை. இன்பொக்ஸை நிறுத்தி வைக்க, தானாகப் பிரிக்க, பூமராங், சேன்பொக்ஸ் போன்ற வெளிச் சேவைகள் இருக்கின்றன. தனியார் வேலைக்கு அவை உதவலாம். ஆனால் அவற்றுக்கு உங்கள் அஞ்சலுக்குள் நுழையும் அனுமதியைக் கொடுக்க வேண்டும். சனத்தின் அடையாள அட்டை இலக்கமும் கொடுப்பனவு விபரமும் வந்து போகிற ஒரு பெட்டியின் திறப்பை யாரோ ஒரு வெளி நிறுவனத்திடம் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. உள்ளே இருக்கிற வசதிகளே போதும்.

தோற்ற இடங்கள்

வடிகட்டி ஒரு தடவை என்னைக் கவிழ்த்தது. ஒரு கூட்டத்தின் திகதி மாறிய செய்தி, வழக்கமாகச் சுற்றறிக்கை வருகிற முகவரியிலிருந்து வந்தது. அது நேரே சுற்றறிக்கை அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நான் அந்த அறையை இரண்டு நாள் திறக்கவில்லை. பழைய திகதியில் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டுப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அடுத்த லோஞ்சுக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு, எந்த அறையும் ஒரு நாளைக்கு ஒருக்காலாவது திறக்கப்பட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். தட்டு பிரித்துத்தான் கொடுக்கும். சைக்கிளை நாங்கள்தான் மிதிக்க வேண்டும்.

பெரிய தோல்வி வட்ஸ்அப்பில். மின்னஞ்சலுக்குக் கதவைச் சாத்தினால் அது யன்னலால் வருகிறது. ஒரு படிவம் மின்னஞ்சலில் வரும். ஐந்து நிமிடத்தில் வட்ஸ்அப் குழுவில் "மெயில் போட்டிருக்கு, பாருங்கோ" என்று வரும். பத்து நிமிடத்தில் போன் வரும்: "மெயிலும் போட்டு வட்ஸ்அப்பும் போட்டனான், பார்த்தியளோ?" சங்கதி ஒன்று, படலையில் தட்டு மூன்று. இதை எந்த வடிகட்டியாலும் பிடிக்க ஏலாது. அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இல்லாவிட்டால், கருவி ஒரு கையால் தட்டுகிற ஓசைதான்.

அதனால்தான் இதை என் மேசையோடு நிறுத்தாமல் பத்திரிகையில் எழுதுகிறேன். "நீ உன்ரை போனை அணைச்சு வையன், ஆர் வேண்டாமெண்டது?" என்று ஒரு நண்பர் கேட்டார். இளநிலை உத்தியோகத்தர் ஒருவர் அப்படி அணைத்து வைத்தால், மூன்று மணித்தியாலம் பிந்திய பதிலை மேலிடம் அலட்சியம் என்று எடுக்கலாம். அந்தப் பயத்தில்தான் எல்லோரும் மணியைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். சங்கிலியின் மேல் நுனியில் இருக்கிறவர் தளர்த்தினால்தான் கீழே தளரும்.

அவசரம் எது?

"அவசரமானதைத் தவறவிட்டால்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தீவில் இருக்கிறவனுக்கு அதற்குப் பதில் தெரியும். இரவில் ஒரு கர்ப்பிணிக்கு ஏலாமல் போய், கடல்கடந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டி வந்தால், இங்கே ஒருவரும் மின்னஞ்சல் எழுதுவதில்லை. போன் எடுப்பார்கள், படகுக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போனவர்களுக்கு இணைப்போடு கூடிய கோப்பு அனுப்புவதில்லை. உண்மையான அவசரம் தன் வழியை எப்போதும் அறிந்தே இருக்கிறது. மின்னஞ்சலில் வருகிற 'மிக அவசரம்' என்ற சிவப்பு எழுத்து, பெரும்பாலும் அனுப்பியவர் தன் வேலையைப் பிந்தித் தொடங்கியதன் அடையாளம்.

எங்கள் நாட்டுச் சட்டமே இந்தக் கோட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பிரசை ஒருவர் தகவல் கேட்டால் இயன்றளவு விரைவாக, எப்படியும் 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். கேட்கிறவரின் உயிரோ தனிமனித சுதந்திரமோ சம்பந்தப்பட்டிருந்தால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு ஓர் அளவு, மற்றதற்கு வேறு அளவு. உயிர்ப் பிரச்சினைக்கே சட்டம் 48 மணித்தியாலம் கொடுக்கும்போது, பட்டறைப் படங்களுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் வேண்டும் என்பதை எந்தச் சட்டம் சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை. நாங்களாகப் பழகிய பழக்கம்.

வெளியுலகத்தில் இதைச் சட்டமாகவும் விதியாகவும் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். ஜேர்மனியில் வொக்ஸ்வாகன் நிறுவனம் 2011 இலேயே, வேலை முடிந்து அரை மணித்தியாலத்தில் ஊழியர்களின் நிறுவனக் கைபேசிகளுக்கு மின்னஞ்சல் போவதை நிறுத்த ஒப்புக்கொண்டது. பிரான்சில் 2017 முதல், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பிலிருந்து விலகும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2024 ஒகஸ்டில் அப்படியொரு உரிமை நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் வேலை முடிந்த பிறகான நேரத்தைக் காக்கிற சட்டங்கள். நான் கேட்பது அதைவிடச் சின்னது: வேலை நேரத்துக்குள் வேலை செய்ய விடுங்கள் என்பதுதான்.

ஆகவே பெருநிலத்தில் இருந்து எங்களுக்கு எழுதுகிற அலுவலகங்களுக்கு நாலு வேண்டுகோள். சுற்றறிக்கைகளையும் தகவல்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மின்னஞ்சலாக அனுப்புங்கள். விடய வரியிலேயே என்ன வேண்டும், எந்தத் திகதிக்கு வேண்டும் என்று எழுதுங்கள். திறந்து பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்று வைக்காதீர்கள். பிரதி போடும்போது கையில் கார்பன் தாள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு மேல் மங்கும். அன்றைக்கே வேண்டுமென்றால் போனை எடுங்கள். மின்னஞ்சலும் வட்ஸ்அப்பும் போனும் மூன்றும் வேண்டாம். இதற்குக் காசு ஒதுக்கத் தேவையில்லை. அலுவலகத் தலைவர் ஒரு பக்கச் சுற்றறிக்கையில் கையெழுத்து வைத்தால் போதும். அதையும் ஒரே தடவை அனுப்பினால் போதும்.

என்னைப் போல மேசைக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே வந்த கடிதம் காத்திருக்கும். அதற்குப் பசிக்காது, கால் உளையாது. முன்னால் நிற்கிறவருக்கு இரண்டும் உண்டு. ஆச்சி இரண்டாம் தடவை வந்தபோது கணினியில் சத்தம் இருக்கவில்லை. அடையாள அட்டை இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாக வாசித்து, அவரிடமும் சரி பார்த்து, கையொப்பம் வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தேன். எட்டு நிமிடம் எடுத்தது. கடிதம் அன்றைக்குப் பின்னேர லோஞ்சிலேயே போனது.